டிரங்குப் பெட்டியில் பசலி 1344 ரசீது: ஆரணி சமஸ்தானமா, ஜாகீரா?

கூட்டுரோடு_பையன் | ஞாயிறு காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊர் ஆரணிக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவுல. போன வாரம் பழைய வீட்டைப் பிரிச்சப்போ பரண் மேல தாத்தாவோட டிரங்குப் பெட்டி கிடைச்சுது. திறந்தா பாச்சை உருண்டை வாசனை, உள்ள ஒரு கட்டு காகிதம். மேலாக இருந்தது அச்சடிச்ச ரசீது ஒண்ணு. உள்ளங்கை அகலம், ஓரமெல்லாம் செல்லரிச்சிருக்கு. தலைப்புல பெரிய எழுத்துல "ஆரணி ஜாகீர்". கீழ கட்டம் கட்டமா கிராமம், ரயத்து, அதாவது பயிர் வைக்கற குடியானவர் பேரு (தாத்தாவோட அப்பா பேரு), தொகை எல்லாம் பேனா மசியில. பக்கத்துல "பசலி 1344".

பெரியப்பா அதைப் பார்த்ததுலேர்ந்து தரையில நிக்கல. "1344லயே நமக்கு நிலம் இருந்திருக்குடா, சம்புவராயர் காலம்டா இது, ஆரணி சமஸ்தானத்து ராஜா கொடுத்தது"ன்னு டீக்கடை வரைக்கும் சொல்லி முடிச்சாச்சு. அவர் பேச்சைக் கேட்டு நானும் பழைய நில ஆவணம் வேணும்னு ஒரு ஆபீசுல மனு கொடுத்தேன். அதுல "ஆரணி சமஸ்தானம்"னு எழுதியிருந்தேன். அங்க இருந்தவர் படிச்சிட்டு, "இந்த மாவட்டத்துல சமஸ்தானமே கிடையாதுப்பா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார். நாலு மணி நேரம் வரிசையில நின்னதுதான் மிச்சம்.

1344 நிஜமா? ஆரணி சமஸ்தானமா இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜமாபந்தி_தாத்தா | ஞாயிறு காலை 10.15

தம்பி, முதல்ல பெரியப்பாவை உக்கார வெச்சு ஒரு சொம்பு மோர் கொடு.

பசலி வேற, கி.பி. வேற. பசலியோட 590 கூட்டினா இங்கிலீஷ் வருஷம் வரும். நம்ம பக்கம் பசலி ஜூலை 1ஆம் தேதி பிறக்கும், ஜூன் கடைசியில முடியும். அதனால பசலி 1344ன்னா 1934 ஜூலையிலேர்ந்து 1935 ஜூன் வரைக்கும். வருஷா வருஷம் ஜமாபந்தி நடக்குதே, அது இந்தப் பசலிக் கணக்கைத்தான் சரிபார்க்குது. நான் முப்பது வருஷத்துக்கு மேல இந்தக் கணக்கோட குப்பை கொட்டினவன். பசலியைக் கி.பி.ன்னு நினைச்சு எங்க குடும்பத்துக்கு எழுநூறு வருஷப் பாத்தியம்னு வந்து நின்னவங்களை விரல் விட்டு எண்ண முடியாது.

இன்னொண்ணும் யோசி. ரசீது அச்சடிச்சதுன்னு நீயே சொல்ற. 1344ல அச்சு மெஷின் ஏதுப்பா?

குடியாத்தம்_மீனா | ஞாயிறு காலை 10.31

அச்சு மெஷின் 😂😂 பாவம் பெரியப்பா.

ஆனா ஒரு விஷயத்துல அவரை விட்டுக்கொடுக்கக் கூடாது. கி.பி. 1344ல படைவீட்டுல ஆண்டது நிஜமாவே ராஜநாராயண சம்புவராயர்தான். வருஷத்தைத் தப்பாப் படிச்சாலும் அந்த வருஷத்து ராஜாவைச் சரியாச் சொல்லியிருக்கார்!

கோட்டைவெளி | ஞாயிறு பகல் 12.05

பசலி விஷயம் ஒத்துக்கறேன். ஆனா சமஸ்தானம் இல்லைன்னு அந்த ஆபீஸ்காரர் சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். எங்க பாட்டி கடைசி வரைக்கும் "ஆரணி ராஜா"ன்னுதான் சொல்லும். சத்தியவிஜயநகரத்துல அவ்ளோ பெரிய அரண்மனை நிக்குது. பூசிமலைக்குப்பம் காட்டுக்குள்ள இன்னொரு மாளிகை. அரண்மனை இருக்கு, ராஜா இருக்கார், குடிஜனம் இருக்கு. இதுக்கு மேல சமஸ்தானத்துக்கு இன்னா வேணும்?

ஜமாபந்தி_தாத்தா | ஞாயிறு பிற்பகல் 3.20

கோர்ட்டு வேணும், போலீஸ் வேணும், ஒப்பந்தம் வேணும். அரண்மனை எத்தனை வேணா கட்டிக்கலாம்.

சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கேன், கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

ஆரணி ஜாகீர் 17ஆம் நூற்றாண்டு விவகாரம். பிஜாப்பூர் சுல்தான் படை கர்நாடகத்துக்கு இறங்கினப்போ அதுல பெரிய தலை ஷாஜி போன்ஸ்லே, சிவாஜியோட அப்பா. அவர்கிட்ட வேலை பார்த்த மராட்டி பிராமணர் வேதாஜி பாஸ்கர் பந்த். அவருக்குக் கிடைச்சதுதான் ஆரணி. பிஜாப்பூர் போச்சு, சிவாஜி வந்தார், மொகலாயர் வந்தாங்க, ஆற்காட்டு நவாப் வந்தார். மேல யார் மாறினாலும் கீழ அந்தக் குடும்பம் பெரும்பாலும் நிலைச்சு நின்னுது. சத்தியவிஜயநகரம்ங்கிற பேரே மத்வ மடத்து சாமியார் சத்தியவிஜய தீர்த்தரால வந்தது. அவரோட பிருந்தாவனம் அங்கதான் இருக்கு.

இப்போ கேள்விக்கு வர்றேன். ஜாகீர்னா என்ன? ஒரு பகுதியோட நிலவரி வருமானத்தை ஒருத்தருக்கு விட்டுக் கொடுக்கறது. வரியை வசூல் பண்ணிக்கோ, அதுல எனக்கு ஒரு தொகை பேஷ்குஷ்னு கப்பம் கட்டிடு, அவ்ளோதான். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்துல ஆரணிக்குள்ள ஒருத்தன் கொலை பண்ணினா அவனை விசாரிச்சது ஜாகீர்தார் இல்லை, வெள்ளைக்காரன் கோர்ட்டு. பத்திரம் பதிஞ்சது வெள்ளைக்காரன் ஆபீசு. சமஸ்தானத்துல அப்படி இல்லை. அங்க கோர்ட்டு, போலீசு, சட்டம் எல்லாம் தர்பாரோடது. பிரிட்டிஷ் ரெசிடெண்டோ ஏஜெண்டோ மேல உக்காந்து மிரட்டுவான், ஆனா பேருக்கு அது தனி ராஜ்ஜியம். அந்த ஊர்க்காரன் பிரிட்டிஷ் பிரஜை கிடையாது.

சென்னை மாகாணத்தோட சேர்த்துச் சொல்ற சமஸ்தானங்கள் மொத்தமே அஞ்சு. திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை, பங்கனப்பள்ளி, சண்டூர். வட ஆற்காட்டுல ஒண்ணு கூட இல்லை. காளஹஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர், கங்குந்தி எல்லாம் ஜமீன். ஆரணி ஜாகீர். அந்த ஆபீஸ்காரர் மூஞ்சியைக் காட்டியிருக்கலாம், ஆனா சொன்னது சரி.

அரக்கோணம்_பாஸ்ட் | ஞாயிறு மாலை 5.02

கார்வேட்டிநகரம், காளஹஸ்தி எல்லாம் ஆந்திரா இல்லையா? வட ஆற்காடுன்றீங்க?

ஜமாபந்தி_தாத்தா | ஞாயிறு மாலை 5.10

1911 ஏப்ரல்ல சித்தூர் ஜில்லாவைப் பிரிக்கற வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர்தான். அதுக்கப்புறம்தான் கலெக்டர் வேலூருக்கு வந்தார். திருத்தணி கூட கார்வேட்டிநகர ஜமீன்ல இருந்த ஊர், 1960ல திரும்பி நம்ம பக்கம் வந்துது. 1989ல ஆரணி திருவண்ணாமலைக்குப் போச்சு. 2019ல உங்க அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போச்சு. இருந்த இடத்துலயே உக்காந்துட்டு நாலு ஜில்லா பார்த்த குடும்பமெல்லாம் இருக்கு.

தோரணகல்_லாரி | ஞாயிறு இரவு 8.47

சண்டூர்னு பார்த்ததும் லாகின் பண்ணிட்டேன். நான் வாணியம்பாடி, பதினொரு வருஷமா பல்லாரி பக்கம் லோடு அடிக்கறேன். சண்டூர் எனக்கு நம்ம ஆம்பூர் மாதிரி.

சமஸ்தானம்னா மைசூர் மாதிரி நினைச்சுட்டுப் போனா ஏமாந்துடுவீங்க. சுத்தியும் மலை, நடுவுல பள்ளத்தாக்கு, அதுக்குள்ள ஊர். உள்ள நுழைய மலை இடுக்குல வழி. மொத்த சமஸ்தானமே 160 சதுர மைல் சொச்சம்தான். மழை பெஞ்சா ரோட்டுல ஓடற தண்ணி ரத்தம் மாதிரி இருக்கும், அவ்ளோ இரும்பு மண்ணு. வண்டியை எத்தனை தடவை கழுவினாலும் மட்கார்டு இடுக்குல செவப்பு போகாது, வாணியம்பாடி வந்து தட்டினா அங்கேயும் கொட்டும். மலை மேல குமாரசாமி கோயில் இருக்கு. நம்ம முருகர்தான். 1930கள்லயே அந்தக் கோயிலை ராஜா எல்லா ஜாதிக்கும் திறந்து விட்டுட்டார், காந்தி வந்து பாராட்டினார்னு அங்க ஒவ்வொரு பெரியவரும் சொல்லுவாங்க.

ராஜா குடும்பம் கோர்படே, மராட்டிக்காரங்க. ராஜாக்களுக்கு வெள்ளைக்காரன் குண்டு சுட்டுக் கொடுக்கற பீரங்கி மரியாதை கூட கிடையாது அவங்களுக்கு. ஆனா சமஸ்தானம்!

கோட்டைவெளி | ஞாயிறு இரவு 9.15

பாருங்க! 160 சதுர மைல், பீரங்கி மரியாதை இல்லை, மராட்டிக் குடும்பம். இவங்க சமஸ்தானம், ஆரணி மராட்டிக் குடும்பம் மட்டும் ஜாகீர்தாரா? இது இன்னா நியாயம்? ஜமாபந்தி ஐயா பதில் சொல்லணும்.

பாலாத்து_மணல் | ஞாயிறு இரவு 10.38

ஐயா தூங்கியிருப்பார், நான் சொல்றேன். இந்தக் கதையில ஒரு வேடிக்கை இருக்கு. சண்டூர்க் குடும்பத்து ஆள் ஒருத்தரோட படை ஆரணியிலேயே சண்டை போட்டிருக்கு.

சண்டூரைப் பிடிச்ச சித்தோஜி ராவ் கோர்படேவோட மகன்தான் குத்திங்கிற கோட்டை ஊரை ஆண்ட முராரி ராவ். 1751ல கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்டு அம்பது நாள் முற்றுகையில கிடந்தான் இல்லையா, அப்போ பணம் பேசிக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் குதிரைப்படையோட வேடிக்கை பார்த்துட்டிருந்தவர் இவர். இவனுங்க தாக்குப் பிடிப்பானுங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் ஆள் அனுப்பினார். அந்த மராட்டிக் குதிரைகளைச் சேர்த்துக்கிட்டு கிளைவ் அந்த டிசம்பர்ல ஆரணிகிட்ட ராஜா சாகிப் படையை அடிச்சான். ராஜா சாகிப், நவாப் பட்டத்துக்குப் போட்டி போட்ட சந்தா சாகிபோட மகன், கூட பிரெஞ்சுக்காரங்க இருந்தாங்க. பள்ளிக்கூடத்துல ஆற்காட்டு முற்றுகை வரைக்கும் சொல்லிட்டு நிறுத்திடுவாங்க, ஆரணியை விட்டுடுவாங்க.

ஆரணியில இன்னொரு சண்டையும் நடந்திருக்கு. 1782 ஜூன் 2, ஐதர் அலிக்கும் கும்பினித் தளபதி அயர் கூட்ங்கிறவனுக்கும். ஐதர் படைக்கு வேண்டிய தானியம், மருந்து எல்லாம் ஆரணிக் கோட்டையிலதான் குவிச்சு வெச்சிருந்தான். அதைப் பிடிக்கத்தான் கூட் வந்தான், முடியலை. அந்த வருஷம் டிசம்பர்ல சித்தூர்ப் பக்கம் முகாம்லயே ஐதர் செத்துப் போனான்.

சரி, கோட்டைவெளி கேட்ட நியாயம். முராரி ராவ் கதி மோசம். 1776ல ஐதர் குத்தியைப் பிடிச்சு அவரைச் சிறையில போட்டான், அங்கேயே முடிஞ்சுது. சண்டூரும் ஐதர், திப்பு கையில இருந்துது. 1799ல திப்பு விழுந்ததும் குடும்பம் திரும்ப வந்து உக்காந்துக்கிச்சு. அப்போ அதுக்கு மேல பாத்தியம் கொண்டாடினவர் பூனா பேஷ்வா. 1818ல பேஷ்வாவே ஒழிஞ்சார். மேல யாரும் இல்லாத ஒரு குட்டி ராஜ்ஜியம் கும்பினி கையில வந்து விழுந்துது, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு சனத்து (உரிமைச் சாசனம்) கொடுத்து விட்டுட்டாங்க.

ஆரணி கும்பினிக்கு வந்த வழி வேற. அது நவாபுக்குக் கீழ இருந்துது. 1801 ஜூலை 31ல கர்நாடகம் (இன்னைய மாநிலம் இல்லை, நவாப் ஆண்ட நம்ம பக்கத்துச் சீமை) மொத்தத்தையும் நவாப் வம்சத்துகிட்டேர்ந்து கும்பினி எழுதி வாங்கினப்போ, வீட்டை வாங்கினா உள்ள இருக்கற பீரோவும் சேர்ந்து வர்ற மாதிரி ஆரணியும் சேர்ந்து வந்துடுச்சு. யார் கையிலேர்ந்து கும்பினிக்கு வந்துதுன்றதுதான் விஷயம். பரப்பளவோ அரண்மனையோ இல்லை.

அறந்தாங்கி_மருமகள் | திங்கள் காலை 7.55

பீரோ உதாரணம் நல்லாருக்கு, ஆனா அதுல ஓட்டை இருக்கு. எங்க புதுக்கோட்டையும் நவாப் பக்கத்து ஊர்தானே? தொண்டைமானும் நவாபுக்கு அடங்கினவர்னுதான் அப்போ கணக்கு. அவர் மட்டும் எப்படி சமஸ்தானம் ஆனார்?

(பொறந்த ஊர் அறந்தாங்கி, வாக்கப்பட்டது காட்பாடி. ரெண்டு பக்கமும் பேசுவேன்.)

பாலாத்து_மணல் | திங்கள் காலை 8.30

நியாயமான கேள்வி. நேத்து நான் சொன்னது பாதி பதில்தான்.

அறந்தாங்கி_மருமகள் | திங்கள் காலை 8.52

மீதி பாதியை நான் சொல்றேன். கும்பினிக்கு ஒவ்வொரு சண்டையிலும் தொண்டைமான் சோறும் ஆளும் அனுப்பியிருக்கார். 1799ல கட்டபொம்மன் பிடிபட்டதும் புதுக்கோட்டைச் சீமையிலதான். அதை இன்னைக்கும் எங்க ஊர்ல யாராவது எடுத்தா சண்டைதான் வரும், அதனால அதோட விடறேன். இதுக்கெல்லாம் கூலியா 1803ல கீழாநிலைக் கோட்டையும் பகுதியும் கிடைச்சுது. நிபந்தனை என்னன்னா வருஷத்துக்கு ஒரு யானை கொடுக்கணும். அந்த யானையை வெள்ளைக்காரன் வற்புறுத்திக் கேட்டதே இல்லை. அப்புறம் நிபந்தனையையே எடுத்துட்டாங்க.

ஆக, கப்பம் கட்டாத தொண்டைமான் மகாராஜா. 11 குண்டு மரியாதை, சொந்தமா அம்மன் காசு. 1948 மார்ச் 3ல சேர்ற வரைக்கும் தனி ராஜ்ஜியம். அரண்மனை இப்போ கலெக்டர் ஆபீஸ்.

ஜமாபந்தி_தாத்தா | திங்கள் காலை 11.05

பேஷ்! நான் தூங்கி எழுந்துக்கறதுக்குள்ள பாடமே முடிஞ்சுது.

ஒண்ணு சேர்க்கறேன். இந்த மாவட்டத்துக்குப் பேர் கொடுத்த நவாபுக்கே சமஸ்தானம் மிஞ்சலை. 1855ல கடைசி நவாப் வாரிசு இல்லாம இறந்ததும் பட்டத்தையே ஒழிச்சுட்டாங்க. பிறகு 1867ல "ஆற்காட்டு இளவரசர்"னு ஒரு பட்டமும் பென்ஷனும் கொடுத்தாங்க. ஒரு சென்ட் ராஜ்ஜியம் இல்லை, ஆற்காட்டுல வாசமும் இல்லை, மெட்ராஸ் ராயப்பேட்டையில அமீர் மகால். பங்கனப்பள்ளி நவாபுக்கு 9 குண்டு போட்டாங்க. கர்நாடகம் மொத்தம் ஆண்ட வம்சத்தை மெட்ராஸ்ல ஒரு வீட்டுக்குள்ள உக்கார வெச்சுட்டாங்க.

நேதாஜி_மார்க்கெட் | திங்கள் பகல் 1.12

பங்கனப்பள்ளின்னா மாம்பழம்னு மட்டும்தான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன். அது ஒரு நவாப் ஊரா? மே மாசம் முழுக்க அந்தப் பேரைக் கத்திக் கத்தித்தான் நான் வியாபாரம் பண்றேன் 😄

தோரணகல்_லாரி | திங்கள் பகல் 1.40

கர்னூல் பக்கம்ணே. 250 சதுர மைலுக்குக் கொஞ்சம் மேல. நவாப் கடன்ல மாட்டினதால 1832லேர்ந்து 1848 வரைக்கும் வெள்ளைக்காரனே எடுத்து நடத்தினான், அப்புறம் திருப்பிக் கொடுத்தான். ராஜ்ஜியம் போயும் மாம்பழத்துல பேர் நிக்குது.

வீரன்_1806 | திங்கள் மாலை 4.26

எல்லாம் சரி, ஒரு மராட்டிப் பிராமணக் குடும்பத்தை எதுக்கு இவ்ளோ தூக்கிப் பிடிக்கறீங்க? அதே காலத்துல எங்க ஆளுங்க அவங்க நிலத்துல

[மீதி பகுதி நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர் | திங்கள் மாலை 4.50

ஜாதியை வெச்சு ஒருத்தரை ஒருத்தர் திட்டறதா இருந்தா இழையைப் பூட்டிடுவேன். ஜாகீர்ல சாகுபடி செஞ்சவங்க பட்ட பாடு பேச வேண்டிய விஷயம்தான். அதைத் திட்டாம எழுதுங்க.

குடியாத்தம்_மீனா | திங்கள் மாலை 6.18

வீரன் சொல்ல வந்ததுல ஒரு நியாயம் இருக்கு, அவர் சொன்ன விதம்தான் சரியில்லை. நாம ரெண்டு நாளா ராஜாவுக்கு என்ன பட்டம்னு பேசறோம். அந்த ரசீதுல ராஜா பேர் பக்கத்துல ஒரு ரயத்து பேர் இருக்கு. 1908ல எஸ்டேட் நிலச் சட்டம் வர்ற வரைக்கும் ஜமீன் ரயத்துக்கு நிலத்துல நிலைச்சு சாகுபடி செய்யற பாத்தியமே ஒழுங்கா கிடையாது. அதுக்கப்புறம்தான் சாகுபடி நிலத்து மேல அவங்களுக்குச் சட்டத்துல உறுதியான பிடி கிடைச்சுது. கூட்டுரோடு தம்பி, உங்க கொள்ளுத்தாத்தா அந்தத் துண்டுக் காகிதத்தைத் தகரப் பெட்டியில பாச்சை உருண்டை போட்டு வெச்சதுக்குக் காரணம் ராஜா மேல இருந்த மரியாதை இல்லை. நாளைக்கு மணியக்காரர் வந்து "நீ கட்டலை"ன்னா காட்டறதுக்கு.

கோட்டைவெளி | திங்கள் இரவு 7.33

சரி, சமஸ்தானம் இல்லை. தோத்துட்டேன். ஆனா பூசிமலைக்குப்பம் போயிருக்கீங்களா யாராவது? போன மாசம் பைக்ல போனேன். காட்டுக்குள்ள மண் ரோட்டுல போனா திடீர்னு சீமையில இருக்கற மாதிரி ஒரு செங்கல் மாளிகை. ஊர்ல கண்ணாடி மாளிகைன்றாங்க. ஜாகீர்தார் தன்னோட வெள்ளைக்கார மனைவிக்குக் கட்டினதுன்னு கதை. கதை நிஜமோ இல்லையோ, இப்போ கண்ணாடி ஒண்ணு கூட இல்லை. ஆலமர வேர் மாடிச் சுவரைப் பிடிச்சு இறங்கி ஜன்னல் வழியா உள்ள நுழைஞ்சு தரையைத் தொட்டிருக்கு. கை எட்டற உயரம் வரைக்கும் சுவர் முழுக்க ஆணியால கீறின பேருங்க. அதுக்கு மேல மட்டும் பழைய சுண்ணாம்புப் பூச்சு, தொட்டா முட்டை ஓடு மாதிரி வழவழன்னு. சமஸ்தானமா இருந்தா அதையும் கலெக்டர் ஆபீஸ் ஆக்கிக் காப்பாத்தியிருப்பாங்களோ என்னமோ.

ஜமாபந்தி_தாத்தா | திங்கள் இரவு 8.20

காட்டுக்குள்ள எந்தக் கலெக்டர் வருவார்!

தம்பி கூட்டுரோடு, வேலைக்கு ஆகறதைச் சொல்றேன், எழுதிக்கோ. சமஸ்தானமா இருந்தா ராஜா கையெழுத்துப் போட்டு இந்தியாவோட சேர்ந்திருப்பார், மன்னர் மானியம் வாங்கியிருப்பார், 1971ல அது நின்னிருக்கும். ஆரணி அந்தக் கணக்குல வராது. அது எஸ்டேட். 1948ஆம் வருஷத்து 26ஆம் நம்பர் ஒழிப்புச் சட்டத்துல அரசாங்கம் எஸ்டேட்டுகளை எடுத்துக்கிச்சு, ஜாகீர்தார், ஜமீன்தாருக்கு நஷ்டஈடு, ரயத்து சாகுபடி நிலத்துக்கு ரயத்து பேர்லயே ரயத்துவாரி பட்டா (அரசாங்கத்துக்கே நேரா வரி கட்டற பட்டா). அதனால நீ தேட வேண்டியது ராஜா கொடுத்த பட்டா இல்லை. ஒழிப்புக்கு அப்புறம் நடந்த செட்டில்மெண்ட் பதிவேடு. எஸ்.எல்.ஆர்.னு கேட்டா தெரியும். அதுல கொள்ளுத்தாத்தா பேரோ தாத்தா பேரோ எந்த சர்வே நம்பர்ல இருக்குன்னு பாரு. அதுலேர்ந்து யு.டி.ஆர். (பிற்பாடு புதுப்பிச்ச நிலப் பதிவேடு), அதுலேர்ந்து இன்னைய சிட்டா. நடுவுல எங்க பேர் விட்டுப் போச்சுன்னு அப்போ தெரியும். மனுவுல சமஸ்தானம்னு எழுதாதே. "ஆரணி ஜாகீர், பசலி 1344"ன்னு எழுது.

அந்தக் கட்டுல பத்திரம் எதாவது இருக்கா பாரு. இருந்தா முத்திரைத்தாள்ல யார் தலை இருக்குன்னு சொல்லு.

கூட்டுரோடு_பையன் | வியாழன் இரவு 9.05

மன்னிக்கணும், மூணு நாளா வேலை.

கட்டைப் பிரிச்சோம். அடியில ஒரு கிரயப் பத்திரம் இருக்கு. முத்திரைத்தாள்ல தாடி வெச்ச ராஜா தலை, ஐந்தாம் ஜார்ஜ். பதிஞ்சது ஆரணி சப் ரிஜிஸ்திரார் ஆபீசுல. "வடஆற்காடு ஜில்லா"ன்னு தொடங்குது. ஐயா சொன்ன மாதிரியே வெள்ளைக்காரன் ஆபீசுதான். பெரியப்பாகிட்ட அந்தத் தலையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசலை.

நேத்து அதே ஆபீசுக்குப் போய் மனுவை மாத்திக் கொடுத்தேன். அதே ஆள்தான். படிச்சார், "இப்போ சரி"ன்னார், சீல் குத்தி வாங்கிக்கிட்டார். பதினைஞ்சு நாள்ல வரச் சொல்லியிருக்கார்.

மீனா அக்கா சொன்னதுக்கு அப்புறம் ரசீதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சில்ல கொள்ளுத்தாத்தா கணக்கு எழுதியிருக்கார். கிஸ்து (நிலவரித் தவணை) தொகை, அதுக்குக் கீழ "கடன் வாங்கியது", ஒரு பேர், வட்டி. அதுக்கும் கீழ "வண்டி மாடு ஒத்தை விற்றது". ஜோடியில ஒண்ணை வித்துட்டு மீதி ஒத்தை மாட்டை வெச்சுக்கிட்டு எப்படி உழுதார்னு பெரியப்பாகிட்ட கேட்டேன். "பக்கத்துக் காட்டுக்காரரும் ஒத்தை மாடுதான் வெச்சிருந்தாராம், ரெண்டையும் சேர்த்துப் பூட்டுவாங்களாம், எங்கப்பா சொல்லும்"ன்னார். இத்தனை வருஷத்துல அதை இப்போதான் சொல்றார்.

குடியாத்தம்_மீனா | வியாழன் இரவு 9.22

அந்தப் பின்பக்கத்தை முதல்ல போட்டோ எடுத்து வைங்க தம்பி. பென்சில் எழுத்து, வெயில் பட்டா போயிடும்.